இறங்காத நாளின் குறிப்பு

"அவ்வளவு தூரம் போயும் இறங்காமலா வந்தீங்க? பயந்துட்டீங்களா?"

கடந்த செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, சியாட்டிலில் நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் எங்கள் மூவரிடமும் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் நல்ல மனிதர். கேலி நோக்கத்தில் கேட்கவில்லை. அன்று விடியும் முன்பே கிளம்பி, முக்கில்டியோவில் ஃபெர்ரி ஏறி, விட்பி தீவைக் கடந்து, ஃபோர்ட் கேசி கடற்கரையில் மூன்று மணி நேரம் நின்றிருந்துவிட்டு, சிலிண்டரைத் திறக்காமலேயே வீடு திரும்பியிருந்தோம். ஆம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் சிரித்து மழுப்பினோம். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்து கிடக்கும் பகுதிக்கு ப்யூஜெட் சவுண்ட் என்று பெயர். அதன் பிரதான வாசல் அட்மிரால்டி நீரிணை. அந்த வாசலின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஃபோர்ட் கேசி. சியாட்டிலுக்கோ டகோமாவுக்கோ போகும் பெரிய கப்பல் எதுவானாலும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நீரிணையைச் சுற்றி மூன்று கோட்டைகளைக் கட்டிப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். அவற்றுள் ஒன்று இது. பீரங்கிகள் எந்தப் பகைக் கப்பலையும் சுடவில்லை. இன்று அது பூங்கா. பூங்காவை ஒட்டியே, போர்ட் டவுன்சென்ட் நகருக்குச் செல்லும் ஃபெர்ரியின் துறை. துறையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் கடற்கரைகளில் தூண்டில் வளைவு என்கிறார்களே, ஏறத்தாழ அதுபோன்ற அமைப்பு. கீஸ்டோன் ஜெட்டி என்பது அதன் பெயர்.

கற்களைக் கொட்டியவர்கள் மனிதர்கள். அதைப் பாராக மாற்றியது கடல். பார் என்று தென்தமிழ்நாட்டு மீனவர்கள் சொல்லும் அதே பொருளில்தான் சொல்கிறோம். மீன் அடையும், சிப்பி ஒட்டும், உயிர் செழிக்கும் கடலடித் திட்டு. தண்ணீரின் வெப்பநிலை பெரும்பாலும் 8 முதல் 11 டிகிரி செல்சியஸ். உடம்பில் தண்ணீர் படாத டிரை சூட் உடையும், அதற்குள் கம்பளி உள்ளாடையும் இல்லாமல் அங்கே வெகுநேரம் இருக்க முடியாது. பவளத்தின் வண்ணங்களை நினைத்துக்கொண்டு போகிறவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். பச்சை கலந்த மங்கல் வெளிச்சம். கண் பழகிய பிறகுதான் தெரிகிறது, வெற்றுக்கல் என்று அங்கே ஓர் அங்குலம்கூட இல்லை என்பது. முழங்கால் உயரத்துக்கு எழுந்து நிற்கும் வெள்ளைக் கடற்சாமந்திகள், கொட்டலசுகள், நட்சத்திர மீன்கள், பொந்துக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் நம்மை அளக்கும் பேய்க்கணவாய். கைகளை விரித்தால் 4 மீட்டரையும் தாண்டக்கூடிய பசிபிக் இனம் அது. மீன்பிடிக்கத் தடை செய்யப்பட்ட பகுதி என்பதால், மீன்களும் மனிதனைக் கண்டு அவ்வளவாக ஒதுங்குவதில்லை.

இத்தனை செழிப்பும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரே விடைதான். நீரோட்டம். சியாட்டில் பக்கம் ஒரே நாளில் கடல்மட்டம் 3 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேண்டிய தண்ணீரில் மிகப்பெரும் பங்கு, சில கிலோமீட்டர் அகலமே உள்ள இந்த வாசல் வழியாக உள்ளே போய், வெளியே வந்தாக வேண்டும். ஆழ்கடல் நீரும் மேல்நீரும் அங்கே புரண்டு கலக்கின்றன. கல்லை விட்டு நகர முடியாத கடற்சாமந்திக்கு இரை தேடிப் போக வழியில்லை. இரைதான் அதைத் தேடி வரவேண்டும். குளிர்காலத்தில் பாறை இடுக்குகளில் லிங்காட் மீன்கள் முட்டையிடுகின்றன. பெண்மீன் போய்விடும். ஆண்மீன் வாரக்கணக்கில் அந்த முட்டைத் திரளருகே காவல் கிடக்கும். நெருக்கமாகத் திரண்ட அம்முட்டைகளுக்கு உள்வரை உயிர்வளி எட்ட வேண்டுமானால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டம் நின்றுபோனால் அந்தப் பார் வெறும் கற்குவியல்.

அதே ஓட்டம்தான் மனிதனை அங்கே இருக்கவிடாததும். நீவாடு என்று நம் கடலோர மக்கள் சொல்வது இதைத்தான். அதன் குணம் அறிந்தவர்கள் அவர்கள். நல்ல உடல்வலிமை உள்ள ஒருவர், இத்தனை உபகரணங்களையும் சுமந்துகொண்டு, ஒரு நாட் வேகத்தை எதிர்த்துச் சில நிமிடங்கள் நீந்தலாம். அதாவது மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத வேகம். கரையில் ஒரு முதியவர் நடக்கும் நடை. அட்மிரால்டி நீரிணையில் ஓட்டம் 3 நாட்டைத் தாண்டுவது வழக்கம். வேகம் இரு மடங்கானால் உடம்பின் மேல் அது தரும் விசை நான்கு மடங்காகும். அங்கே தசையின் வலிமைக்கு வேலையில்லை.

ஆகவே முக்குளிப்பவர்கள் ஓர் இடைவேளைக்காகக் காத்திருக்கிறார்கள். ஏற்றம் வற்றமாகவோ, வற்றம் ஏற்றமாகவோ திசை மாறும் தருணத்தில் தண்ணீர் சற்று நிற்கும். ஆங்கிலத்தில் ஸ்லாக் என்பார்கள். சில நாட்களில் அது அரை மணி நேரம் நீடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நின்றதா என்று உணர்வதற்குள் முடிந்துவிடும். படகிலிருந்து குதிப்பவர்களை ஓட்டம் இழுத்துப் போனால் படகு பின்தொடர்ந்து வந்து ஏற்றிக்கொள்ளும். கரையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தக் கூழாங்கல் கரையில் இறங்கினோமோ அதே கரைக்குச் சொந்தக் காலால் நீந்தி வந்து சேரவேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரிக் காலை. கடல்மட்டம் எப்போது உச்சத்தைத் தொடும் என்று அட்டவணையில் பார்த்து, அந்த நேரத்துக்கே இறங்கினோம். உயரத்துக்கு ஓர் அட்டவணை, ஓட்டத்துக்கு இன்னோர் அட்டவணை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் முதலாவதோடு நிறுத்திக்கொண்டோம். தண்ணீர் உயர்ந்து முடிக்கும் நேரமும் ஓடி முடிக்கும் நேரமும் ஒன்றல்ல. இதுபோன்ற குறுகிய வாசல்களில் இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் இருக்கலாம். கல்வரிசையின் மறைவில் இருந்தவரை எல்லாம் அமைதி. அதன் முனையை அடைந்தபோது, வீட்டுக்கதவைத் திறந்ததும் புயல் முகத்தில் அறைவதைப் போல ஓட்டம் எங்களைப் பிடித்தது. நாங்கள் விட்ட மூச்சுக்குமிழிகள் மேலே போகவில்லை, பக்கவாட்டில் பறந்தன. மேலே எழுந்துவிடலாம் என்றால், மேலே ஃபெர்ரியின் பாதை. 15 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப் போல இரண்டரை மடங்கு காற்றைச் செலவழிக்கும். பதற்றத்தில் அதற்கும் மேல்.

பாறைகளைக் கையால் பற்றிப் பற்றி, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தோம். பற்றிய இடமெல்லாம் உயிர் இருந்தது. எங்கள் கைக்குள் கடற்சாமந்திகள் கிழிந்தன. ஓரிடத்தில் கையை நீட்டியபோது இடுக்குக்குள் தெர்மகோல் போல வெள்ளையாக ஒரு முட்டைத் திரள். அதன் அருகில் லிங்காட் ஒன்று. ஒரு முழம் தூரத்தில் எங்கள் கை. அது நகரவில்லை. நாங்கள்தான் கையை மாற்றிப் பிடித்தோம், அந்த அவசரத்திலும் அதற்கான புத்தி எப்படி வந்ததோ தெரியவில்லை. கரையேறியபோது எங்களில் ஒருவரின் சிலிண்டரில் மிச்சம் 20 பார். 200 பாரோடு இறங்கியிருந்தார். கூழாங்கற்களின் மேல் வெகுநேரம் பேசாமல் கிடந்தோம்.

அன்று மாலை நண்பர்களிடம் இதைச் சொன்னபோது கிடைத்த வரவேற்பு எங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. கேட்டவர்கள் கண்கள் விரிந்தன. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். எங்கள் அலட்சியத்தால் நேர்ந்த ஒரு பிழை, இரவு உணவு முடிவதற்குள் ஒரு சாகசமாகிவிட்டது. கிழிந்த கடற்சாமந்திகளைப் பற்றி நாங்களும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இப்போது செப்டம்பர்ச் சனிக்கிழமைக்கு வருவோம். இம்முறை ஓட்ட அட்டவணையைத்தான் பார்த்திருந்தோம். காலை 11.10-க்கு நீர் நிற்கும் என்றது. 10 மணிக்கே உடை மாற்றிக்கொண்டு கரையில் நின்றோம். துறையில் ஃபெர்ரி இல்லை. விசாரித்தால், ஓட்டம் கடுமையாக இருக்கும் வேளை என்பதால் காலைப் பயணம் ஒன்று ரத்து என்றார்கள். இது அங்கே வழக்கமான விஷயம். குறுகலான துறைக்குள் கடும் ஓட்டத்தில் கப்பலைத் திருப்புவது ஆபத்து என்பதால், எந்தெந்த நாளில் எந்தெந்தப் பயணம் கிடையாது என்பதை முன்கூட்டியே கால அட்டவணையில் அறிவித்துவிடுகிறார்கள்.

11.10 ஆயிற்று. கல்வரிசையை ஒட்டி வளர்ந்திருக்கும் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டம் நின்றால் அதன் தலைகள் நீர்ப்பரப்பில் தளர்ந்து மிதக்கும். ஓட்டம் இருந்தால் ஒரே திசையில் சாய்ந்து விறைத்து நிற்கும். மிகுந்தால் நீருக்குள்ளேயே அமிழ்ந்துவிடும். அவை சாய்ந்துதான் இருந்தன. 11.30-க்கும் சாய்ந்திருந்தன. அட்டவணை என்பது சூரியனையும் சந்திரனையும் வைத்துப் போட்ட கணக்கு. முந்தைய இரண்டு நாட்களாக அடித்த காற்றும் அதனால் குவிந்த நீரும் அந்தக் கணக்கில் இல்லை.

"அண்ணே, இன்னும் பத்து நிமிஷம் பார்த்துட்டு இறங்கிடலாமே. முனைக்குப் போகாம, மறைவிலேயே சுத்திட்டு வந்திடலாம்" என்றார் எங்களில் இளையவர்.

"வேண்டாம்பா. எனக்குச் சரியாப் படலை" என்றார் மூத்தவர்.

அவ்வளவுதான் பேச்சு. முக்குளிப்பவர்களிடையே, குறிப்பாகக் கடலடிக் குகைகளுக்குள் செல்பவர்களிடையே, நெடுநாளாக ஒரு விதி உண்டு. யாரும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் போதும் என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. ஆனால் காரில் திரும்பும்போது மூவர் முகத்திலும் கசப்பு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருவேளை 11.45-க்கு நின்றிருக்குமோ? நின்றிருக்கலாம்.

எங்கள் கருத்தை இனிச் சொல்லிவிடலாம். நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் கப்பலை, ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட எந்திரம் இருந்தும், ஓட்டத்துக்கு அஞ்சித் துறையில் ஏற்றாமல் நிறுத்துகிறார்கள். அதன் தலைவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. அது தொழில் அறிவு என்கிறோம். இரண்டு கால்களும் ஒரு சிலிண்டரும் மட்டுமே உள்ள மனிதன் அதே தண்ணீரைப் பார்த்துத் திரும்பினால் மட்டும் பயந்துட்டீங்களா என்கிறோம். கேட்பவர்கள் மட்டுமல்ல, எங்களுக்குள்ளும் அந்தக் கேள்வி இருக்கிறது. அதனால்தான் கசப்பு.

இந்தக் கசப்புதான் ஆபத்தானது என்று நினைக்கிறோம். ஓட்டம் தன்னை மறைத்துக்கொள்வதில்லை; கெல்ப் சாய்ந்து நின்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. மறைந்திருப்பது மனத்தின் கணக்கு. இரண்டு மணி நேரப் பயணம், ஃபெர்ரிக் கட்டணம், ஆளுக்கு 40 கிலோவை நெருங்கும் சுமை, வீட்டில் சொல்லிவிட்டு வந்த பேச்சு என்று செலவு கூடக் கூட, இறங்கலாம் என்பதற்கான காரணங்களும் கூடிக்கொண்டே போகின்றன. கையில் கட்டிய கணினி ஆழத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லும், உடம்பில் சேர்ந்த நைட்ரஜனைக் கணித்துச் சொல்லும். திரும்பிப் போ என்று கரையில் வைத்துச் சொல்லாது. அதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. எல்லா ஐயத்துக்கும் இடம் கொடுத்தால் யாரும் கடலில் இறங்கவே மாட்டார்கள். துணியாமல் பார்க்கக் கிடைப்பது எதுவுமில்லை என்பார்கள். மெய்தான். துணிவை நாங்கள் மறுக்கவில்லை. 9 டிகிரி நீரில், மங்கலில், முகம் விறைக்க இறங்குவதே துணிவுதான். ஆனால் அந்தப் பாரின் செழிப்பு ஓட்டத்தால் ஆனது என்றால், ஓட்டம் இருக்கும் பொழுது அதற்குரியது. ஓய்ந்த சிறு பொழுது மட்டுமே நமக்குக் கிடைப்பது. அதற்கு மேல் எடுத்துக்கொள்ளப் போனால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பிப்ரவரியில் எங்கள் கைகள் பார்த்தன. விலையை நாங்கள் மட்டும் கொடுக்கவில்லை. இடம்பெயர முடியாத உயிர்களும் கொடுத்தன.

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் இதைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நம் கதைகள் பெரும்பாலும் இறங்கியவர்களின் கதைகள். கடந்தவன், மூழ்கியவன், மூழ்கி மீண்டவன். கரையில் நின்று பார்த்து, வேண்டாம் என்று திரும்பியவனுக்குக் கதையில் இடமில்லை. நிகழ்ச்சி இல்லாததால் கதையே இல்லை. பிழை செய்த பிப்ரவரியை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள். பிழை செய்யாத செப்டம்பரைப் பற்றி ஒரே ஒரு கேள்வியோடு பேச்சு முடிந்தது. கதை கேட்டு வளர்ந்த மனம் கரையில் நிற்கும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கரையின் ஆதிக்குடிகளிடம் வேறுவிதமான கதை ஒன்று இருக்கிறது. விட்பி தீவின் வடமுனையைத் தாண்டியதும் ரொசாரியோ கடற்கரையில், 1983-இல் நிறுவப்பட்ட மரத்தூண் ஒன்றில் அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சாமிஷ் மக்களின் கதை. கோ-க்வால்-அல்வூட் என்னும் பெண் கரையோரம் சிப்பி பொறுக்கும்போது, நீருக்குள்ளிருந்து ஒரு கை அவள் கையைப் பற்றுகிறது. கடலுக்குரியவன் அவளை மணக்கக் கேட்கிறான். தந்தை மறுக்கிறார். கடல் தன் உணவை நிறுத்திக்கொள்கிறது. ஆண்டுக்கொரு முறை வீட்டுக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தை இசைகிறார். அவள் வருகிறாள், ஒவ்வொரு முறையும் உடம்பில் கொட்டலசுகள் கூடியிருக்கின்றன, நிலத்தில் இருப்பது அவளுக்கு வேதனையாகிறது. இனி வரவேண்டாம் என்று அவள் மக்களே அவளை விடுவிக்கிறார்கள். அலையில் அசையும் கெல்ப் அவள் கூந்தல் என்பார்கள்.

கடலை வென்றவர் யாரும் இல்லாத கதை அது. கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. எங்கே நிறுத்திக்கொள்வது என்ற அறிவு இருக்கிறது. அந்தக் கூந்தல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் அன்று நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முக்குளிப்பவர்கள் எல்லோரும் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். இடம், தேதி, ஆழம், நேரம், மிஞ்சிய காற்று, கண்டவை என்று அதில் கட்டங்கள் உண்டு. இறங்காத நாளுக்குக் கட்டம் கிடையாது. அது இருக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. புதிதாகக் கற்க வருபவர்களிடம், எத்தனை முறை இறங்கினாய் என்பதோடு எத்தனை முறை திரும்பினாய் என்றும் கேட்கவேண்டும். அந்த இரண்டாவது எண் பூஜ்யமாக இருந்தால், அவரோடு இறங்குவதற்கு முன் நாங்கள் சற்று யோசிப்போம்.

எங்கள் மூன்று ஏடுகளிலும் இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. இடம்: கீஸ்டோன். ஆழம்: இல்லை. காற்று: 200 பார், செலவாகவில்லை. கண்டவை: சாய்ந்த கெல்ப், ஃபெர்ரி இல்லாத துறை. குறிப்பு: 11.30 வரை நீர் நிற்கவில்லை, திரும்பினோம்.

விருந்தில் கேட்ட நண்பருக்கும் பதில் இதுதான். ஆம், பயந்தோம். அடுத்த மாதம் மறுபடி போகிறோம்.